மூன்று கிலோ பாறை

பிறையில், எடைமேடைக் கூண்டுக்குள்
நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.
கருங்கல் லாரி ஏறும். எண்கள் துடித்து நிற்கும்.
வெறும் லாரியைக் கழித்துவிட்டு
மிச்சத்தைக் கல் என்று எழுதுவேன்.
பத்து கிலோ கூடினாலும் விடமாட்டேன்.
கல்லில் நார் உரிக்கிறவள் என்று
டிரைவர்கள் வைத்த பேர் எனக்குத் தெரியும்.

வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம்,
ஆயர் ஈத்தாமில், பதினேழாவது மாடி.
ஒரு பாய் விரித்தால் முடிந்துவிடும் பால்கனி.
அதில் ஒரு பாறை இருந்தால் என்ன என்று தோன்றியது.
தோன்றியபின் போகவில்லை.

லிஃப்டுக்குள் நோட்டீஸ்:
பால்கனியில் கனமான பொருள் வைக்கக் கூடாது.
எத்தனை கிலோவிலிருந்து கனம்?
நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டேன்.
கிணற்றில் போட்ட கல்.

சரி, நாரை உரிப்பானேன், உள்ளே வைப்போம்.
மைலோ டின்னால் அளந்தேன்:
ஒரு பங்கு சிமெண்டு,
மூச்சு விட்டால் பறக்கிற பெர்லைட் ஒன்றரை,
சலித்த தேங்காய்நார்த் தூள் ஒன்றரை.
வயிற்றுக்குள் வைக்க
மார்க்கெட்டில் வாங்கிய பழைய மீன் பெட்டி,
வெள்ளை நுரைப் பெட்டி, உடைத்த துண்டுகள்;
கழுவியும் கெம்போங் வாடை போகவில்லை.
புட்டு மாவுக்குத் தெளிக்கிற தண்ணீர் போதாது,
இன்னும் ஒரு கை.
பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும்,
விரலிடுக்கில் ஒரே ஒரு சொட்டு கசிய வேண்டும்.

முதல் கல்லை மறுநாளே திறந்துவிட்டேன்.
விரிசல்கூட இல்லை, நேராகச் சரிந்தது,
ஈரமான, சாம்பல் நிறமான, என் அவசரம்.
பரஞ்சோதி துடைப்பத்தோடு வந்து
ஒன்றும் சொல்லாமல் பெருக்கினார்.
சொல்லியிருக்கலாம்.

இரண்டாவதைப் பிளாஸ்டிக்கில் சுற்றி
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
இரண்டாம் நாள் எடுத்து
கம்பி பிரஷால் தேய்த்து வயது ஏற்றினேன்
(எனக்கு யாரும் தேய்க்கவில்லை, தானாக ஏறியது).
பிறகு மூன்று வாரம், தினமும் தண்ணீர் தெளித்து,
மறுபடி சுற்றி, மறுபடி தள்ளி.
கையுறை போடாத ஒரு நாளுக்கு
ஒரு வாரம் உள்ளங்கை எரிந்தது.
பாசி பிடிக்கட்டும் என்று தயிர் பூசினேன்.
எறும்பு வந்தது.
பாசி, பக்கத்துத் தண்ணீர்க் குழாயில் படர்ந்தது.

ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டினார்கள்,
செயலாளர் என்சே ரொஸ்லியும்
புது ஜாகா பிஷ்ணுவும்.
எதிர் பிளாக்கிலிருந்து யாரோ
போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்:
பதினேழாவது மாடியில் பாறை.
விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்,
எனக்கு முன்பே பிஷ்ணு குனிந்துவிட்டான்.
கால் அகட்டி, முட்டி மடக்கி, மூச்சுப் பிடித்து,
இடுப்பில் பெல்ட்டை ஒருமுறை இறுக்கி
பாறையைத் தூக்குகிற ஆளாகவே தூக்கினான்.

அவன் திரட்டி வைத்த பலம்
போக இடமில்லாமல்
அவனையே பின்னுக்குத் தள்ளியது.
துணி காயும் கொடியில் போய் விழுந்தான்,
பாறையை மார்போடு அணைத்தபடி,
தலையில் என் வேலைச் சட்டை.

என்சே ரொஸ்லி சிரிக்கவில்லை.
பாறையை வாங்கி ஒரு கையில் ஏந்தினார்.
மறு கைக்கு மாற்றினார்.
மோந்து பார்த்து, ‘ஈக்கான்?’ என்றார்.
மீன்தான் என்றேன்.
குளியலறைத் தராசைக் கொண்டுவந்தேன்.
மூன்று கிலோ நூறு.
தொழில் பழக்கம், ரசீது எழுதி நீட்டினேன்.
மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நோட்டீஸ் அப்படியேதான் இருந்தது.
கனம் எவ்வளவு என்று இன்னும் எழுதவில்லை.
எடைமேடையில் முப்பத்தெட்டு டன் ஏறியது,
நாற்பது ஏறியது,
கழித்துக் கழித்து எழுதினேன்.

சாயங்காலம் ஒரு மைனா வந்து
பாறைமேல் உட்கார்ந்தது.
பாறை கொஞ்சம் ஆடியது.
மைனா எழும்பிக் கம்பிக்குப் போய்,
தலையைச் சாய்த்து
என்னையும் அதையும் பார்த்துவிட்டு
திரும்பி வந்து உட்கார்ந்தது,
இந்தமுறை சற்றே மெதுவாக.